ஒவ்வொரு ஆப்பும் நமக்கு வேணும்ங்கற மாதிரி திறக்கணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெஸ்க்டாப், லேப்டாப் ரெண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் பத்திதான் நிறைய பேர் கேக்குறாங்க, அதனால அதுக்கு கொஞ்சம் அதிக இடம், மேக்கும் லினக்ஸும் அங்கங்க வரும். மெனு பேரெல்லாம் உங்க ஸ்க்ரீன்ல இங்கிலீஷ்ல இருக்கும், இங்க தமிழ் எழுத்துல குடுத்திருக்கேன், வாய்விட்டு படிச்சா எதுன்னு புரிஞ்சுடும்.

ஒரே ஒரு ஆப்புக்கு மட்டும் செட்டிங் மாத்த முடியுமா? மொத்த சிஸ்டத்தையும் மாத்தணுமா?

முடியும், அப்படித்தான் பண்ணவும் செய்யணும். ஒரு ஆப்ல எழுத்து குட்டியா தெரியுதுன்னு மொத்த ஸ்க்ரீன் ஸ்கேலிங்கையும் ஏத்தி வைக்கிறது, ஒரு பழைய ப்ரோக்ராம் கேட்டுச்சுன்னு யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோலையே (ஒரு ப்ரோக்ராம் சிஸ்டத்தை மாத்தப் போகும்போது எஸ், நோ கேக்குற பாதுகாப்பு) அணைச்சு வைக்கிறது, இதெல்லாம் பாக்கும்போது எனக்கு உண்மையாவே வருத்தமா இருக்கும், ஏன்னா அந்த ஒரு ஆப்புக்காக மத்த எல்லா ஆப்பும் சேந்து பாதிக்கப்படுது, கொஞ்ச நாள் கழிச்சு எதை எதுக்காக மாத்தினோம்னே மறந்து போயிடுது.

ஒரு ஆப் எப்படி நடந்துக்கணும்னு மூணு இடத்துல முடிவாகுது. ஒண்ணு ஆப்போட சொந்த செட்டிங்ஸ். ரெண்டாவது அதை திறக்குற ஷார்ட்கட். மூணாவது ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த ஆப்புக்குன்னு தனியா ஞாபகம் வச்சிருக்கறது, அதாவது ஸ்டார்ட்அப், கிராஃபிக்ஸ், சவுண்ட், நோட்டிஃபிகேஷன் மாதிரி. இதே வரிசையில தேடுங்க. ஆப்புக்குள்ளயே "மினிமைஸ் ஆகி திற" அப்படின்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும்போது அதுக்கு வெளிய மெனக்கெட வேண்டியதில்ல.

ஷார்ட்கட்டுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?

ஷார்ட்கட்டுங்கறது ஆப் கிடையாது, "இந்த ஆப்பை இந்த மாதிரி திற"ன்னு எழுதி வச்ச ஒரு சீட்டு, அவ்வளவுதான். அதனால ஒரே ஆப்புக்கு எத்தனை சீட்டு வேணும்னாலும் எழுதலாம், ஒவ்வொண்ணுலயும் வேற வேற மாதிரி எழுதலாம், பிடிக்கலன்னா அழிச்சுடலாம், ஆப்புக்கு ஒண்ணும் ஆகாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுட்டா கீழ வர்றதுல பாதி உங்களுக்கே தோணிடும்.

விண்டோஸ்ல ஷார்ட்கட்டை ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க. அதுல டார்கெட்ங்கற பாக்ஸ்லதான் எந்த ஃபைலை திறக்கணும், கூட என்ன சொல்லி திறக்கணும்னு இருக்கும். ஸ்டார்ட் இன்ங்கறது ஆப் திறக்கும்போது எந்த ஃபோல்டர்ல நின்னுக்கிட்டு தன்னோட ஃபைல்களை தேடணும்ங்கறது, இதை யாரும் கண்டுக்கறதே இல்ல, ஆனா சில பழைய ப்ரோக்ராம் "ஃபைல் கிடைக்கல"ன்னு திறக்காம அடம் பிடிக்கும்போது இந்த பாக்ஸ் காலியா இருக்குறதுதான் காரணமா இருக்கும், ப்ரோக்ராம் இருக்குற ஃபோல்டரை அங்க போட்டா சரியாயிடும். ஷார்ட்கட் கீங்கற இடத்துல க்ளிக் பண்ணி ஒரு எழுத்தை அமுக்கினா கன்ட்ரோல், ஆல்ட் ரெண்டும் தானா சேந்துக்கும், ஆனா அந்த ஷார்ட்கட் டெஸ்க்டாப்லயோ ஸ்டார்ட் மெனுலயோ இருந்தாதான் அது வேலை செய்யும், வேற ஏதோ ஃபோல்டர்ல வச்சுட்டு கீ வேலை செய்யலன்னு சொல்லாதீங்க. ரன்ங்கற இடத்துல நார்மல், மினிமைஸ்டு, மேக்ஸிமைஸ்டுன்னு மூணு இருக்கும். இது விண்டோஸ் ஆப்புக்கு சொல்ற ஒரு கோரிக்கைதான், கட்டளை இல்ல, சில ஆப் கேக்கும், சிலது தன்னோட பழைய சைஸையே எடுத்துக்கும்.

ஸ்டோர்ல இருந்து இறக்கின ஆப்புக்கு இந்த டார்கெட் பாக்ஸை மாத்த முடியாது. ஸ்டார்ட் மெனுல ஆல் ஆப்ஸ் லிஸ்ட்ல இருந்து டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போட்டா ஷார்ட்கட் வரும், ஆனா உள்ள எழுத இடம் இருக்காது.

டார்கெட் பாக்ஸ்ல கூடுதலா என்ன எழுதலாம்?

அது அந்தந்த ஆப் என்ன புரிஞ்சுக்கும்ங்கறத பொறுத்தது. க்ரோம்னா கடைசில ஒரு ஸ்பேஸ் விட்டு ரெண்டு ஹைஃபன், அதோட ஒட்டி இன்காக்னிட்டோன்னு இங்கிலீஷ் எழுத்துல போட்டா நேரா அந்த விண்டோவே திறக்கும். ஃபயர்ஃபாக்ஸ்ல ஹைஃபன், ப்ரைவேட், ஹைஃபன், விண்டோ, எல்லாம் ஒட்டி. வேர்டுல ஒரு சாய்வு கோடு போட்டு சேஃப்னு எழுதினா ஆட்-இன் (வேர்டோட ஒட்டி ஓடுற கூடுதல் ப்ரோக்ராம்) எதுவும் இல்லாம திறக்கும், ஆட்-இன் மோதி வேர்டு திறக்கவே மாட்டேங்குதுன்னா முதல்ல இதை பாருங்க (எழுதக்கூட வேணாம், கன்ட்ரோல் கீய அமுக்கி பிடிச்சுக்கிட்டே வேர்டு ஐகானை திறந்தா சேஃப் மோடுல திறக்கட்டுமான்னு அதுவே கேக்கும்). எக்ஸெல்ல சாய்வு கோடும் எக்ஸும் போட்டா தனி ப்ராசஸா திறக்கும், ஒரு பெரிய ஷீட் கணக்கு போட்டுக்கிட்டு மாட்டி நிக்கும்போது இன்னொரு ஷீட்ல நிம்மதியா வேலை பாக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். ஃபைல் பாத்ல ஸ்பேஸ் இருந்தா அதை சுத்தி டபுள் கோட்ஸ் இருக்கும், நீங்க சேக்குறது அந்த கோட்ஸுக்கு வெளிய வரணும், நடுவுல ஒரு ஸ்பேஸோட. உள்ள எழுதினா "டார்கெட் சரியில்ல"ன்னு எரர் வரும். நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிட்டு இது வேலைக்கே ஆகாதுன்னு விட்டுடறாங்க.

எல்லாம் சரியா மாத்தினேன், ஆனா டாஸ்க்பார்ல இருக்குற ஐகானை அமுக்கினா பழைய மாதிரியே திறக்குதே?

ஏன்னா டாஸ்க்பார்ல பின் பண்ணும்போது விண்டோஸ் அந்த ஷார்ட்கட்டோட ஒரு காப்பியை தனி ஃபோல்டர்ல எடுத்து வச்சுக்குது. நீங்க மாத்தினது டெஸ்க்டாப்ல இருக்குற ஒண்ணை, அமுக்கறது இன்னொண்ணை. டாஸ்க்பார் ஐகானை ரைட் க்ளிக் பண்ணுங்க, வர்ற மெனுல ஆப்போட பேர் இருக்கும், அந்த பேர் மேல திரும்ப ஒரு ரைட் க்ளிக், அப்புறம் ப்ராப்பர்ட்டீஸ். இல்லன்னா அன்பின் பண்ணிட்டு, மாத்தின ஷார்ட்கட்டை திரும்ப பின் பண்ணுங்க, அது இன்னும் சுலபம்.

டாஸ்க்பார் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். ஷிஃப்ட் அமுக்கிட்டு ஐகானை க்ளிக் பண்ணா அதே ஆப்போட இன்னொரு விண்டோ திறக்கும், மவுஸோட நடு வீலை அமுக்கினாலும் அதேதான். கன்ட்ரோலும் ஷிஃப்ட்டும் சேத்து அமுக்கிட்டு க்ளிக் பண்ணா அட்மினா திறக்கும். விண்டோஸ் கீயோட 1, 2, 3ன்னு நம்பர் அமுக்கினா டாஸ்க்பார்ல அந்த வரிசையில இருக்குற ஆப் திறக்கும், அதனால தினம் தொடுற ஆப்களை முதல் நாலு இடத்துல வரிசையா வச்சுக்கிட்டா மவுஸ் பக்கமே கை போக வேண்டியதில்ல.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் பத்து ஆப் தானா திறக்குது, எப்படி நிறுத்தறது?

விண்டோஸ்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கம் போயி வேண்டாததை டிஸேபிள் பண்ணுங்க. செட்டிங்ஸ்ல ஆப்ஸுக்குள்ளயும் இதே லிஸ்ட் இருக்கு. டிஸேபிள் பண்றதால ஆப் அழியாது, நீங்களா திறக்குற வரைக்கும் சும்மா இருக்கும், அவ்வளவுதான். பக்கத்துல இம்பாக்ட்னு ஒரு தனி வரிசை இருக்கும், ஹைன்னு போட்டிருந்தா அந்த ஆப் ஸ்டார்ட்அப்ல சிபியூ நேரம் 1 செகண்டுக்கு மேலயோ, டிஸ்க்ல 3 எம்பிக்கு மேலயோ எடுத்துக்குதுன்னு அர்த்தம். 3 எம்பிங்கறது எஸ்எஸ்டில ஒண்ணுமே இல்ல, அதனால ஹைன்னு பாத்ததும் பதறாதீங்க, தேவையா இல்லையாங்கறதை மட்டும் பாருங்க. ஆன்டிவைரஸ், டச்பேட் சாஃப்ட்வேர், சவுண்ட் டிரைவர் சம்பந்தப்பட்டதை விட்டுடுங்க. மெசேஜிங் ஆப், கேம் லாஞ்சர், அப்டேட் செக் பண்ற குட்டி ப்ரோக்ராம் இதையெல்லாம் யோசிக்காம நிறுத்தலாம்.

மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், அதுக்குள்ள லாகின் ஐட்டம்ஸ். 2022-ல வந்த வென்ச்சுரால இருந்து பேக்ரவுண்ட்ல எது எது ஓடலாம்ங்கறதும் அதே பக்கத்துல தனி லிஸ்டா தெரியுது. முன்னாடியெல்லாம் இது எங்க ஒளிஞ்சிருக்குன்னே தெரியாது, இப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்விட்ச், ரொம்ப நல்ல மாற்றம்.

தானா திறக்க வைக்கணும்னா?

விண்டோஸ் கீயும் ஆரும் அமுக்கினா ரன் பாக்ஸ் வரும், அதுல ஷெல், ஒரு கோலன், ஸ்டார்ட்அப், மூணையும் இடைவெளி இல்லாம இங்கிலீஷ்ல அடிங்க, ஒரு ஃபோல்டர் திறக்கும், அதுக்குள்ள ஷார்ட்கட்டை போட்டா போதும். ரன்ங்கற இடத்துல மினிமைஸ்டு வச்ச ஷார்ட்கட்டை போட்டீங்கன்னா லாகின் ஆனதும் ஸ்க்ரீனை மறைக்காம கீழ போயி உக்காந்துக்கும். மேக்ல டாக்ல இருக்குற ஐகானை ரைட் க்ளிக் பண்ணி ஆப்ஷன்ஸ்ல ஓபன் அட் லாகின். லினக்ஸ்ல எந்த டெஸ்க்டாப் அமைப்புங்கறதை பொறுத்தது, கேடிஈன்னா சிஸ்டம் செட்டிங்ஸ்ல ஆட்டோஸ்டார்ட் பக்கம், க்னோம்னா ட்வீக்ஸ் ஆப்ல பாருங்க.

ஒரு முக்கியமான சிக்கல், இதுக்கு எரர் கூட வராது. அட்மினா ஓடணும்னு டிக் போட்ட ஆப்பை அந்த ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல போட்டா லாகின் நேரத்துல விண்டோஸ் அதை தானா திறக்காது. அதுக்கு டாஸ்க் ஷெட்யூலர்தான் வழி, அதை அடுத்த பதில்ல சொல்றேன்.

ஒரு ஆப்பை எப்பவும் அட்மினாவே ஓட்டணும், ஒவ்வொரு தடவையும் எஸ் நோ கேக்காம இருக்கணும்.

முதல்ல ஒண்ணு கேட்டுக்கோங்க, அந்த ஆப்புக்கு அது நிஜமா தேவையா? அட்மினா ஓடுற ஆப்ல ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல இருந்து ஃபைலை இழுத்துப் போட்டா விழாது, நெட்வொர்க் டிரைவ் எழுத்தோட மேப் பண்ணி வச்சிருந்தா அது பல நேரம் அந்த ஆப்புக்கு தெரியவே தெரியாது. ரெண்டுமே பக் இல்ல, சாதா ப்ரோக்ராமும் அட்மின் ப்ரோக்ராமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டக்கூடாதுன்னு விண்டோஸ் விஸ்டால இருந்து வேணும்னே பிரிச்சு வச்சிருக்கறதால வர்றது. ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளயே தன்னோட டேட்டாவை எழுதற பழைய ப்ரோக்ராம்தான் பெரும்பாலும் அட்மின் கேக்கும், அதை வேற ஒரு சாதா ஃபோல்டர்ல இன்ஸ்டால் பண்ணா பல நேரம் அட்மினே வேண்டியிருக்காது.

தேவைதான்னா, ஷார்ட்கட் ப்ராப்பர்ட்டீஸ்ல அட்வான்ஸ்டு பட்டன், அதுல ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் டிக். கேள்வி கேக்காம திறக்கணும்னா டாஸ்க் ஷெட்யூலர்ல புதுசா ஒரு டாஸ்க், ரன் வித் ஹையஸ்ட் ப்ரிவிலேஜஸ் டிக், ட்ரிகர்ல அட் லாக் ஆன். லேப்டாப்னா கண்டிஷன்ஸ் பக்கத்துல சார்ஜர் போட்டிருந்தா மட்டும் ஆரம்பின்னு ஒரு டிக் ஏற்கனவே போட்டிருக்கும், அதை எடுங்க, இல்லன்னா பேட்டரில இருக்கும்போது ஆப் திறக்காது, ஏன்னும் புரியாது. செட்டிங்ஸ் பக்கத்துலயும் 3 நாளுக்கு மேல ஓடினா நிறுத்துன்னு ஒரு டிக் இருக்கும், மெஷினை அணைக்காம வச்சிருக்கறவங்க அதையும் எடுத்துடுங்க.

ஒரு ஆப்ல மட்டும் எழுத்து மங்கலா இருக்கு, இல்லன்னா எறும்பு சைஸ்ல இருக்கு.

ஸ்க்ரீன் ரெசல்யூஷன் ஏறிடுச்சு, ஆப் பழசு, அதான் காரணம். ஷார்ட்கட்லயோ ப்ரோக்ராம் ஃபைல்லயோ ப்ராப்பர்ட்டீஸ் போயி கம்பாட்டிபிலிட்டி பக்கத்துல சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் அமுக்குங்க. கீழ ஓவர்ரைடுன்னு ஒரு டிக், அதுல மூணு சாய்ஸ். அப்ளிகேஷன்னு வச்சா ஆப் தானே பாத்துக்கும், எழுத்து கூர்மையா இருக்கும், ஆனா ஆப்புக்கு பெருசாக்க தெரியலன்னா எறும்பு சைஸ்ல வரும். சிஸ்டம்னு வச்சா விண்டோஸ் அதை ஒரு படத்தை இழுக்கற மாதிரி இழுத்து பெருசாக்கும், சைஸ் சரியா இருக்கும், மங்கலா இருக்கும். சிஸ்டம் என்ஹான்ஸ்டுங்கறது 2017-ல விண்டோஸ் 10-க்கு வந்தது, பழைய முறையில எழுத்து வரையிற ப்ரோக்ராம்ல எழுத்தை மட்டும் திரும்ப கூர்மையா வரைஞ்சு குடுக்கும். பழைய கணக்கு சாஃப்ட்வேர், பில் போடுற சாஃப்ட்வேர் மாதிரி இருந்தா மூணாவதை முதல்ல பாருங்க, பட்டன் ஏதாவது இடம் மாறி தெரிஞ்சா முதல் சாய்ஸுக்கு போங்க. மாத்தினதும் ஆப்பை மூடி திறக்கணும்.

அதே பக்கத்துல கம்பாட்டிபிலிட்டி மோடுன்னு எக்ஸ்பி, விண்டோஸ் 7-லாம் இருக்கே, அது பழைய விண்டோஸையே கொண்டுவருமா?

கொண்டுவராது. விண்டோஸ் வெர்ஷன் என்னன்னு ஆப் கேட்டா பழைய நம்பரை சொல்லும், சில ஃபங்ஷன்களை பழைய மாதிரி நடந்துக்க வைக்கும். வெர்ஷன் பாத்துட்டு திறக்க மறுக்குற ப்ரோக்ராமுக்கு இது அருமையா வேலை செய்யும். 16-பிட் ப்ரோக்ராம்னா 64-பிட் விண்டோஸ்ல இதால ஒரு பிரயோஜனமும் இல்ல, வர்ச்சுவல் மெஷின்தான், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி பழைய விண்டோஸை ஓட்டறது.

ஒரு ஆப் எப்பவும் ஒரே இடத்துல, ஒரே சைஸ்ல, ஒரே மானிட்டர்ல திறக்கணும்.

இந்த விஷயத்துல லினக்ஸ்ல கேடிஈ ப்ளாஸ்மாவை அடிச்சுக்க ஆளே இல்ல, இது என் உறுதியான கருத்து. விண்டோவோட மேல்பட்டைல ரைட் க்ளிக், மோர் ஆக்‌ஷன்ஸ், அதுல அந்த ஆப்புக்கான ஸ்பெஷல் செட்டிங்ஸ். சைஸ், இடம், எந்த வர்ச்சுவல் டெஸ்க்டாப், எப்பவும் மேல நிக்கணுமா, எவ்வளவு ஒளி ஊடுருவணும், மேல்பட்டையே வேண்டாமா, எல்லாத்துக்கும் தனித்தனியா ரூல் போடலாம். ஒவ்வொரு ரூலுக்கும் எப்ப செய்யணும்னும் சொல்லலாம்: அப்ளை இனிஷியலின்னா திறக்கும்போது மட்டும், அப்புறம் நீங்க நகர்த்திக்கலாம். ஃபோர்ஸ்னா நகர்த்தவே விடாது. ரிமெம்பர்னா கடைசியா எங்க விட்டீங்களோ அங்க. முதல் தடவை போடுறவங்க ஃபோர்ஸ் பக்கம் போகாதீங்க, விண்டோ கெட்டியா ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சுப்பீங்க.

க்னோம்ல இவ்வளவு கிடையாது. அதோட இப்ப பல லினக்ஸ்லயும் வேலாண்ட்தான் (விண்டோக்களை ஸ்க்ரீன்ல காட்டுற புது அமைப்பு, இதுக்கு முன்னாடி இருந்தது எக்ஸ்11) வழக்கமா வருது, அதுல சாதாரண ஆப் தன்னோட விண்டோவை ஸ்க்ரீன்ல இந்த இடத்துல வைன்னு சொல்லவே முடியாது, அந்த உரிமை டெஸ்க்டாப்புக்கு மட்டும்தான், அதனால எக்ஸ்11 காலத்துல வேலை செஞ்ச, விண்டோவை தானா இடம் மாத்தி வைக்கிற டெவில்ஸ்பை மாதிரி டூல் எல்லாம் வேலாண்ட்ல ஓடாது. அந்த டூல் கெட்டுப்போகல, அமைப்பே மாறிடுச்சு.

விண்டோஸ்ல மைக்ரோசாஃப்டே குடுக்குற பவர்டாய்ஸ் இறக்கிக்கோங்க, இலவசம். அதுல ஃபேன்ஸி ஸோன்ஸ் ஸ்க்ரீனை உங்க இஷ்டப்படி கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு ஆப்பும் கடைசியா இருந்த கட்டத்துலயே திறக்க வைக்கும். 2024-ல சேந்த வொர்க்ஸ்பேஸஸ் இன்னும் ஒரு படி மேல, நாலஞ்சு ஆப்பை அதோட இடத்தோட ஒரு செட்டா சேமிச்சு வச்சு ஒரே க்ளிக்ல எல்லாத்தையும் அப்படியே திறக்கலாம். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், டி (T) அமுக்கினா இப்ப இருக்குற விண்டோ எப்பவும் மேலயே நிக்கும், வீடியோ பாத்துக்கிட்டே நோட்ஸ் எடுக்கறவங்களுக்கு இது பெரிய வரம்.

மேக்ல டாக் ஐகான்ல ரைட் க்ளிக், ஆப்ஷன்ஸ், அசைன் டு. ஒண்ணுக்கு மேல ஸ்பேஸ் (மேக்ல வர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு அதான் பேர்) உருவாக்கி வச்சிருந்தாதான் இது தெரியும்.

மானிட்டரை கழட்டினதுக்கு அப்புறம் ஆப் ஸ்க்ரீனுக்கு வெளிய எங்கயோ திறந்துக்குதுன்னா, விண்டோஸ்ல ஆல்ட் டேப்ல அந்த ஆப்புக்கு வந்துட்டு ஆல்ட், ஸ்பேஸ், அப்புறம் எம், அப்புறம் ஏதாவது ஒரு ஆரோ கீ ஒரு தடவை, இப்ப மவுஸை நகத்துங்க, விண்டோ கர்சரோட ஒட்டிக்கிட்டு வந்துடும்.

வேர்டுல தமிழ் கீபோர்ட், மத்த ஆப்ல இங்கிலீஷ், இப்படி தனித்தனியா வச்சுக்க முடியுமா?

தாராளமா. மாத்தி மாத்தி டைப் பண்றவங்க எல்லாரும் முதல் வேலையா இதை செய்யணும்னு நான் கெஞ்சிக்கூட கேப்பேன். பாஸ்வேர்ட் பாக்ஸ்ல தமிழ் விழுந்து லாகின் ஆகாம போற கஷ்டம் பெருமளவு குறையும். விண்டோஸ் 8-ல இருந்து கீபோர்ட் எல்லா ஆப்புக்கும் பொதுவாதான் வருது. செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்ட் செட்டிங்ஸ் போயி ஒவ்வொரு ஆப் விண்டோவுக்கும் வேற இன்புட் மெத்தட்ங்கற டிக்கை போடுங்க. லினக்ஸ் க்னோம்ல கீபோர்ட் செட்டிங்ஸ்லயே ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனியான்னு கேக்கும். கேடிஈல ஸ்விட்ச்சிங் பாலிசின்னு நாலு சாய்ஸ்: மொத்தமா, டெஸ்க்டாப் வாரியா, ஆப் வாரியா, விண்டோ வாரியா. மேக்ல டாக்குமென்டோட இன்புட் சோர்ஸுக்கு தானா மாறுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு.

ஒரு ஆப்போட மெனு மொழியை மட்டும் மாத்தணும்.

மேக்ல லாங்குவேஜ் அண்ட் ரீஜன்ல அப்ளிகேஷன்ஸ்னு ஒரு பகுதி, 2019-ல வந்த கேட்டலினால இருந்து இருக்கு, ஆப்பை சேத்து மொழியை தேர்ந்தெடுங்க. ஆப்ல அந்த மொழி இருந்தாதான் வரும். விண்டோஸ்ல பெரும்பாலும் ஆப்புக்குள்ளதான் தேடணும்.

ஒரே ப்ரௌசர்ல ஆஃபீஸ் அக்கவுன்ட், சொந்த அக்கவுன்ட் ரெண்டுக்கும் தனித்தனி ஐகான்?

க்ரோம்ல ப்ரொஃபைல் ரெண்டு உருவாக்குங்க, ப்ரொஃபைல் கஸ்டமைஸ் பண்ற பக்கத்துல டெஸ்க்டாப் ஷார்ட்கட் உருவாக்குன்னு ஒரு ஸ்விட்ச் விண்டோஸ்ல இருக்கு, அதை போட்டா உங்க படத்தோட தனி ஐகான் வந்துடும், டார்கெட்ல ஒண்ணும் எழுத வேண்டாம். ரெண்டுக்கும் வேற வேற தீம் கலர் வச்சுக்கோங்க, எதுல இருக்கோம்னு பாத்ததும் தெரியணும், தப்பான அக்கவுன்ட்ல இருந்து மெயில் போறதை அது தடுக்கும். ஃபயர்ஃபாக்ஸ்லயும் ப்ரொஃபைல் உண்டு, ஹைஃபனும் பெரிய எழுத்து பியும் (P) சேத்து திறந்தா எந்த ப்ரொஃபைல்னு கேக்கும்.

தினமும் போற ஒரே வெப்சைட்டை தனி ஆப் மாதிரி வச்சுக்கணும்னா க்ரோம், எட்ஜ் ரெண்டுலயும் மெனுக்குள்ள இந்த பேஜை ஆப்பா இன்ஸ்டால் பண்ணுன்னு இருக்கும். தனி விண்டோ, தனி ஐகான், டேப் கூட்டத்துக்குள்ள தொலையாது.

ஒரு ஆப் கிராஃபிக்ஸ் கார்டை பயன்படுத்தவே மாட்டேங்குது.

ரெண்டு கிராஃபிக்ஸ் இருக்குற லேப்டாப்ல பேட்டரி மிச்சம் பண்ண சின்னதையே எடுத்துக்கும். விண்டோஸ்ல செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் போயி ஆப்பை சேத்து ஹை பெர்ஃபார்மன்ஸ்னு வைங்க. க்னோம்ல ஐகானை ரைட் க்ளிக் பண்ணா தனி கிராஃபிக்ஸ் கார்டுல திறன்னு வரும். மாறா, ஆப் திறந்ததும் கறுப்பா தெரியுது, சிமிட்டுதுன்னா அந்த ஆப்புக்குள்ள ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன்ங்கறதை அணைச்சுப் பாருங்க, ப்ரௌசர்ல இதனால தீர்ற பிரச்சனை ஏராளம்.

டாஸ்க் மேனேஜர்ல ப்ரையாரிட்டியை ரியல்டைம்னு வச்சா வேகமா ஓடுமா?

தயவுசெஞ்சு வேண்டாம். சிபியூவை முழுங்குற ஆப்புக்கு ரியல்டைம் குடுத்தா மவுஸும் கீபோர்டும் கூட காத்துக்கிட்டு நிக்கும், மெஷின் உறைஞ்ச மாதிரி ஆயிடும். அதோட டாஸ்க் மேனேஜர்ல வைக்கற ப்ரையாரிட்டி ஆப்பை மூடினதும் போயிடும். பின்னாடி ஓடுற கனமான வேலைக்கு, வீடியோ கன்வெர்ட் பண்றது மாதிரி, ப்ரையாரிட்டியை குறைக்கறதுதான் நல்ல வழி, அது மெதுவா ஓடட்டும், உங்க கைல இருக்குற ஆப் சட்டுன்னு பதில் சொல்லும்.

சவுண்ட்?

விண்டோஸ்ல வால்யூம் மிக்ஸர்ல ஒவ்வொரு ஆப்புக்கும் தனி சத்தம், தனி ஸ்பீக்கர் கூட வைக்கலாம், மீட்டிங் ஹெட்ஃபோன்ல, பாட்டு ஸ்பீக்கர்லன்னு. கேடிஈலயும் உண்டு. மேக்ல இது சிஸ்டத்தோட வர்றதில்ல, தனி சாஃப்ட்வேர் போட்டாதான்.

லினக்ஸ்ல ஷார்ட்கட் ஃபைலை எங்க போயி மாத்தறது?

டெஸ்க்டாப்னு முடியற சின்ன டெக்ஸ்ட் ஃபைல் அது. சிஸ்டம் முழுக்க பொதுவானது யூஎஸ்ஆர், ஷேர், அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர்ல இருக்கும். அதை அங்கேயே திருத்தாதீங்க, அடுத்த அப்டேட்ல உங்க மாற்றம் அழிஞ்சு போகும். அதே பேர்ல உங்க ஹோமுக்குள்ள புள்ளியில ஆரம்பிக்கிற லோக்கல், அதுக்குள்ள ஷேர், அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர்ல ஒரு காப்பி போடுங்க, ஒரே பேர்ல ரெண்டு இருந்தா உங்களோடதுதான் ஜெயிக்கும், அப்டேட் அதை தொடாது. பழையபடி வேணும்னா உங்க காப்பியை அழிச்சா போதும். எவ்வளவு அழகா யோசிச்சு வச்சிருக்காங்க பாருங்க!

உள்ள எக்ஸெக்னு ஆரம்பிக்கிற வரிதான் உயிர். ஆப் பேருக்கு முன்னாடி ஈஎன்வி போட்டு மொழி, ஸ்கேலிங் மாதிரி வேரியபிள் சேக்கலாம், பின்னாடி ஆப்ஷன் சேக்கலாம். கடைசில சதவீதக் குறியும் ஒரு எழுத்தும் இருக்கும், அதை தூக்கிடாதீங்க, ஃபைலை டபுள் க்ளிக் பண்ணும்போது எந்த ஃபைல்னு ஆப்புக்கு சொல்றது அதுதான். அதை எடுத்துட்டு "ஆப் திறக்குது, ஆனா காலியா திறக்குது"ன்னு கேக்கறவங்க நிறைய. ஃப்ளாட்பேக்ல (லினக்ஸ்ல ஆப்பை தனி வேலிக்குள்ள வச்சு இன்ஸ்டால் பண்ற முறை) இறக்கின ஆப்னா எந்த ஃபோல்டரை பாக்கலாம், கேமரா தொடலாமாங்கறதெல்லாம் ஃப்ளாட்சீல்னு ஒரு ஆப்ல ஸ்விட்ச் ஸ்விட்சா மாத்திக்கலாம்.

மேக்ல ஆப்போட கீபோர்ட் ஷார்ட்கட்டையே மாத்த முடியுமா?

முடியும், அதுவும் எந்த ஆப்பா இருந்தாலும் அதோட மெனுல தெரியற எந்த வேலைக்கும். சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்ட், கீபோர்ட் ஷார்ட்கட்ஸ், ஆப் ஷார்ட்கட்ஸ். மெனுல எப்படி எழுதியிருக்கோ அப்படியே, பெரிய எழுத்து சின்ன எழுத்து, கடைசில மூணு புள்ளி இருந்தா அதையும் சேத்து அடிக்கணும், ஒரு எழுத்து மாறினாலும் எடுக்காது. விண்டோஸ்ல பவர்டாய்ஸோட கீபோர்ட் மேனேஜர்ல ஆப் பேர் குடுத்து ஷார்ட்கட்டை மாத்தலாம்.

ஆப்பை திறந்தா நேத்து விட்ட விண்டோ எல்லாம் திரும்ப வருது, வேண்டாம்.

மேக்ல ஷிஃப்ட் அமுக்கிட்டே திறங்க, அந்த ஒரு தடவை சுத்தமா திறக்கும். நிரந்தரமா வேணும்னா டெஸ்க்டாப் அண்ட் டாக் செட்டிங்ஸ்ல ஆப்பை க்விட் பண்ணும்போது விண்டோக்களை மூடுங்கறதை ஆன் பண்ணுங்க. விண்டோஸ்ல செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ்ல ஆப்களை சேமிச்சு திரும்ப திறக்கற ஸ்விட்ச் இருக்கு, அணைச்சுடுங்க.

வேற யாரோ அனுப்பின ஷார்ட்கட்டை பயன்படுத்தலாமா?

கூடாது. சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு ஐகானை பாத்து தெரியாது, பிடிஎஃப் ஐகானை மாட்டிட்டு உள்ள வேற கட்டளை எழுதலாம், டார்கெட் பாக்ஸ்ல நீளமா வெற்றிடம் விட்டு கட்டளையை கண்ணுக்கு எட்டாம தள்ளி வைக்கவும் முடியும். 2010-ல வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட்ங்கற வைரஸ், யூஎஸ்பி டிரைவ் மூலமா பரவினது விண்டோஸ் ஷார்ட்கட்டை கையாளுற விதத்துல இருந்த ஓட்டையாலதான், ஐகான் திரையில தெரிஞ்சாலே போதும், க்ளிக் கூட வேண்டியிருக்கல. அந்த ஓட்டையை அடைக்க அந்த வருஷமே அப்டேட் விட்டாங்க, ஆனா ஷார்ட்கட்டை வச்சு ஏமாத்தற பழக்கம் நிக்கல. உங்களுக்கு வேணும்ங்கறதை நீங்களே உருவாக்குங்க, ஒரு நிமிஷ வேலை.

எல்லாத்தையும் மாத்தி குழம்பிப் போச்சு, எப்படி பழைய நிலைக்கு வர்றது?

ஷார்ட்கட்ல செஞ்சதுன்னா அதை அழிச்சுட்டு ஸ்டார்ட் மெனுல இருந்து புதுசா ஒண்ணு எடுங்க. கம்பாட்டிபிலிட்டி பக்கத்துல செஞ்சதுன்னா ஷார்ட்கட்டை அழிச்சாலும் போகாது, அது ப்ரோக்ராம் ஃபைல் பேர்ல விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன்னோட செட்டிங் எல்லாம் சேமிச்சு வைக்கிற இடம்) எழுதி வச்சுக்கும், அதனால திரும்ப அதே பக்கம் போயி டிக் எல்லாம் எடுக்கணும். ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணி அதே இடத்துல திரும்ப போட்டாலும் அந்த செட்டிங் ஒட்டிக்கிட்டே வரும்ங்கறதால "ரீஇன்ஸ்டால் பண்ணியும் சரியாகல"ன்னு சொல்றவங்க முதல்ல இதைத்தான் பாக்கணும். கேடிஈ ரூல்னா சிஸ்டம் செட்டிங்ஸ்ல விண்டோ ரூல்ஸ் லிஸ்ட்ல மொத்தமும் தெரியும், ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. இனிமே மாத்தும்போது விண்டோஸ் ஷார்ட்கட்ல கமெண்ட்னு ஒரு பாக்ஸ் இருக்குல்ல, அதுல எதுக்காக மாத்தினோம்னு ஒரு வரி எழுதி வைங்க, ஐகான் மேல மவுஸை வச்சாலே அந்த வரி தெரியும்.